மூக்குக்குச் சிக்காத கிருமி: பாக்கெட் மீனை எப்படிச் சாப்பிடுவது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

"கோயம்புத்தூர்ல உட்கார்ந்துக்கிட்டு மீனைப் பத்தி ஒரு எபிசோடா? நமக்கு நாட்டுக்கோழி போதாதா?"ன்னு எங்க டீம்லயே ஒருத்தர் கேட்டார். கடல் இல்லாத ஊருக்குத்தான் இந்த விஷயம் அதிகமாகத் தேவை என்பது என் கட்சி. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ காலையில் கரைக்கு வந்த மீன் மத்தியானம் குழம்பாகிவிடும். நம்ம உக்கடம் மார்க்கெட்டுக்கு வரும் கடல் மீன் ராத்திரி முழுக்க ஐஸில் படுத்துக்கொண்டு லாரியில் வந்தாக வேண்டும். பவானிசாகர், ஆழியாறு அணை மீனை விட்டால் நமக்கு மீன் என்றாலே தூரத்துச் சரக்குதான்.

அதனால் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு மீன் வாங்கும்போது ஒரு சந்தேகக் கண் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க, கண்ணு குழி விழுந்திருக்கான்னு பார்ப்பாங்க, விரலால் அமுக்குவாங்க, கடைசியில் மோந்து பார்ப்பாங்க. 2018இல் கேரளாவில் ஆபரேஷன் சாகர் ராணின்னு சோதனை நடந்து, நமக்குப் பக்கத்தில் இருக்கும் வாளையார் செக்போஸ்ட்டிலேயே ஃபார்மலின் போட்ட சரக்கு பிடிபட்டது ஞாபகம் இருக்கலாம். அந்தப் பயம் இன்னும் போகலை. உக்கடத்தில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் இன்னைக்கும் முதல் கேள்வி "ஃபார்மலின் இருக்குங்களா?" என்பதுதான்.

பாக்கெட் மீனில் இந்த வித்தை எதுவும் செல்லாது. செவுளும் கிடையாது, கண்ணும் கிடையாது. மோந்து பார்க்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். மீனை நாற வைக்கும் பாக்டீரியா ஒரு கூட்டம், மனுசனைப் படுக்க வைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் வேற கூட்டம். முதல் கூட்டம் வந்தால் மூக்கு சொல்லிவிடும். இரண்டாவது கூட்டம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். மீன் நல்ல மணமாகவும் இருக்கும், நல்ல நிறமாகவும் இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். மசாலா தடவி ஃப்ரீசரில் விற்கும் வஞ்சிரம் துண்டு, ஃபிஷ் ஃபிங்கர் எல்லாம் ரெடி டு குக். அதாவது நீங்கதான் சமைக்கணும். ஃபிஷ் ஃபிங்கர் பொன்னிறமாக இருக்கிறது என்பதற்காக வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை; தூள் ஒட்டுவதற்காக எண்ணெயில் ஒரு முக்கு முக்கியிருப்பாங்க, உள்ளே மீன் பச்சையாகவே இருக்கலாம். ரெடி டு ஈட் என்பது வேற. டப்பா டூனா, பவுச்சில் வரும் மீன் குழம்பு, சில்லரில் இருக்கும் ஸ்மோக்டு சால்மன், நெத்திலித் தொக்கு, மீன் ஊறுகாய், இதெல்லாம் பிரித்து அப்படியே வாயில் போடுவது. அடுப்பு என்ற கடைசிக் காவல்காரன் இதில் இல்லை. இந்த எபிசோட் முழுக்க இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

குளிரை விரும்பும் ஒருவன்

ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டா கிருமி வளராது என்பது நம்ம எல்லாருடைய நம்பிக்கை. பெரும்பாலான கிருமிகளுக்கு இது ஓரளவு சரிதான். சால்மொனெல்லா 4, 5 டிகிரியில் கிட்டத்தட்ட முடங்கிவிடும். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா மட்டும் அப்படி இல்லை. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியும் அது மெதுவாகப் பெருகும். மற்றவை தூங்கும்போது இதற்குப் போட்டியே இல்லாமல் சாப்பாடு கிடைக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் பெருகாது, ஆனால் சாகவும் சாகாது.

மண், தண்ணீர், மாட்டுச் சாணம் என எங்கேயும் இருக்கிற சாதாரண கிருமிதான் இது. ஃபேக்டரிக்குள் வந்துவிட்டால் தரையில் ஓடும் சாக்கடை, மீன் சீவும் மெஷினின் இடுக்கு, கன்வேயர் பெல்ட்டின் மூட்டு மாதிரி ஈரமான, குளிர்ச்சியான, கை எட்டாத இடத்தில் படலம் கட்டிக் குடியேறிவிடும். தினமும் கழுவினாலும் வருஷக்கணக்கில் இருக்கும்.

ஸ்மோக்டு சால்மனை நம்மில் பலர் சமைத்த மீன் என்றே நினைக்கிறோம். அதில் பெரும்பாலானது கோல்டு ஸ்மோக்டு. உப்புப் போட்டு, 30 டிகிரிக்கும் குறைவான புகையில் காட்டி எடுக்கிறாங்க. கோயம்புத்தூர் சித்திரை வெயிலை விடக் குறைச்சல் சூடு! எந்தக் கிருமியும் அதில் சாகாது. பிறகு அதை மெல்லிசாகச் சீவி, வேக்குவம் பேக் பண்ணி, பல வாரம் சில்லரில் வைத்து விற்கிறாங்க. பாக்கெட் போடும் நாளில் பத்து கிருமி ஒட்டியிருந்தால், பல வாரக் குளிரில் அது லட்சமாகலாம்.

இதற்கு நிஜமான கதை ஒன்று இருக்கிறது. 2014 முதல் 2019 வரை டென்மார்க், எஸ்டோனியா, பின்லாந்து, பிரான்ஸ், சுவீடன் என ஐந்து நாடுகளில் 22 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்தது. ஐந்து பேர் இறந்தாங்க. நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணுவை முழுசாகப் படித்து ஒப்பிட்டபோது எல்லாம் ஒரே குடும்பம். எஸ்டோனியாவில் ஒரே நிறுவனம் தயாரித்த, குளிர் புகை போட்ட சால்மன், டிரவுட் மீன்களில் போய் அது முடிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையமும் 2019இல் இதை அறிக்கையாக வெளியிட்டாங்க.

ஐந்து வருஷம் ஏன் ஆச்சுன்னு கேக்கறீங்களா? நம்ம பக்கத்துச் சம்பவம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்க. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பொண்ணு இறந்துபோனது, இன்னும் பல பேர் ஆஸ்பத்திரியில் படுத்தது நமக்கெல்லாம் தெரியும். சாப்பிட்டு ஒன்றிரண்டு நாளில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்ததால் கடை எதுன்னு உடனே தெரிந்தது. லிஸ்டீரியா அப்படி இல்லை. சாப்பிட்டு 70 நாள் வரை கழித்தும் நோய் வரலாம். இரண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை என்ன சாண்ட்விச் சாப்பிட்டீங்கன்னு கேட்டால் யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? அதுவும் ஊருக்கு ஒருத்தர் என்று சிதறி வரும். மரபணு ஒப்பீடு செய்யும் நாட்டில்தான் புள்ளிகளை இணைக்க முடியும். அந்த வசதி இல்லாத ஊரில் அது "என்னமோ மூளைக் காய்ச்சல்" என்ற பெயரில் முடிந்துவிடும்.

நம்ம நாட்டு மீனைப் பற்றி ஒரு ஆறுதலான தகவலும் இருக்கு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபுக்ஸ், சுரேந்திரன் என்ற இருவர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமண்டலத்து மீன்களில் லிஸ்டீரியாவைத் தேடினாங்க. ஆபத்தான மோனோசைட்டோஜீன்ஸ் சிக்கவில்லை. அதனுடைய சாதுவான பங்காளி இன்னோகுவாதான் கிடைத்தது. மங்களூர் மீன்வளக் கல்லூரியின் கருணாசாகர் தம்பதி 2000இல் எழுதிய கட்டுரையிலும், வெப்பமண்டல மீன்களில் இந்தக் கிருமி அரிது என்றுதான் சொன்னாங்க. பின்னால் வந்த சில இந்திய ஆய்வுகளில் அது கிடைத்தும் இருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: வெதுவெதுப்பான கடலிலிருந்து வரும் நம்ம மத்தி, அயிலை, அதுவும் குழம்பில் கொதித்த பிறகு, லிஸ்டீரியாவுக்கு நல்ல வீடு இல்லை. குளிரூட்டிய ஃபேக்டரியும் நீண்ட நாள் சில்லரும்தான் அதன் வீடு. அந்த வாழ்க்கை முறையை நாம் இப்போ ஆப் மூலமாகப் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வரவழைக்கிறோம். கூடவே அதன் கிருமியும் வரும் என்பதை மட்டும் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

சரவணம்பட்டியிலிருந்து ஒரு வாய்ஸ் நோட்

இந்த எபிசோடுக்குக் காரணமே ஒரு வாய்ஸ் நோட்தான். சரவணம்பட்டியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி, அஞ்சு மாசம். "அண்ணா, ஆபீஸ்ல ஸ்மோக்டு சால்மன் சாண்ட்விச், டூனா சாலட் எல்லாம் கிடைக்குது. புரோட்டீன் நல்லதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. எங்க அத்தை மீனே தொடக்கூடாதுங்கறாங்க. யார் சொல்றது சரி?"

அம்மிணி, ரெண்டு பேருமே பாதி சரி. லிஸ்டீரியா நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வயிற்றுப்போக்கோடு முடியும். கர்ப்பிணிகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களை விடச் சுமார் பத்து மடங்கு அதிகம். அம்மாவுக்கு லேசான காய்ச்சல், உடம்பு வலிதான் இருக்கும். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், பிறந்த குழந்தைக்கு மூளைக் காய்ச்சல் வரை போகலாம். 65 வயதைத் தாண்டியவங்க, கீமோ எடுப்பவங்க, உறுப்பு மாற்று செய்தவங்க இவங்களுக்கும் இது தீவிரமாகும். ரத்தத்திலோ மூளையிலோ பரவியவர்களில் ஐந்தில் ஒருவராவது இறக்கிறார்.

அதனால் சில்லரில் இருந்து எடுத்த ஸ்மோக்டு மீன், சுஷி இதெல்லாம் பிரசவம் வரைக்கும் வேண்டாம். ஆசையாக இருந்தால் ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. உள்ளே 70 டிகிரியில் இரண்டு நிமிஷம் இருந்தால் லிஸ்டீரியா செத்துவிடும். டப்பா டூனாவை டப்பாவுக்குள்ளேயே வேக வைத்திருப்பாங்க, வீட்டில் அப்போதே திறந்து சாப்பிட்டால் லிஸ்டீரியா பயம் இல்லை. டூனாவில் பாதரசம் என்று வேறொரு கணக்கு இருப்பதால் வாரம் ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கோங்க. கஃபேயில் காலையிலேயே கலந்து வைத்த டூனா சாலட் வேற விஷயம், அதில் எத்தனை கை பட்டதோ. அத்தை கொதிக்கக் கொதிக்க வைக்கும் மத்திக் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடலாம், அதை அத்தைகிட்டயும் சொல்லுங்க.

இன்னொண்ணு. நான் டாக்டர் இல்லைங்க. கர்ப்ப காலத்தில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், போன சில வாரங்களில் இந்த மாதிரி உணவு சாப்பிட்டிருந்தால், அதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லணும். ஏனென்றால் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் லிஸ்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஆம்பிசிலின் கேட்கும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மருந்தையே மாற்றலாம்.

காத்து இல்லாத இடம்

அடுத்தது போட்டுலிசம். அரிதான நோய்தான், ஆனால் வந்தால் லேசில் விடாது. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி விதை மாதிரி ஒரு வித்தாகி மண்ணிலும் கடல் சேற்றிலும் உறங்கும். கொச்சி நிறுவனத்தின் லலிதாவும் கோபகுமாரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் நம்ம பக்கத்து மீன்களிலும் நீர்நிலைகளிலும் அந்த வித்து இருப்பதைக் காட்டியிருக்காங்க. வித்தை விழுங்கினால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. அது முளைத்து நஞ்சு சுரந்தால்தான் ஆபத்து. முளைக்க அதற்கு என்ன வேணும்? காற்று இருக்கக் கூடாது, புளிப்பு இருக்கக் கூடாது, ஈரம் வேணும், உப்பு அதிகம் கூடாது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. "காத்தே போகாம பேக் பண்ணியிருக்கு, அதனால சுத்தம்"ன்னு நாம சொல்றோம். இந்தக் கிருமிக்கு அதுதான் கல்யாண மண்டபம்.

கொதிக்க வைத்தாலும் வித்து சாகாது. 121 டிகிரி, மூணு நிமிஷம் மீனின் நடுமையத்தில் கிடைக்கணும். தண்ணி 100 டிகிரிக்கு மேல் போகாதே, எப்படின்னு கேட்டால், பம்பும் கிரைண்டரும் செய்யற ஊர்க்காரங்களுக்குப் பிரஷரைப் பற்றி நான் சொல்லணுமா என்ன. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். டப்பா மீனையும் பவுச் மீன் குழம்பையும் மூடி சீல் வைத்த பிறகு ரிட்டார்ட் என்ற ராட்சத பிரஷர் குக்கரில் வைத்துத்தான் எடுக்கறாங்க. அதனால்தான் ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஷெல்ஃபில் நிற்கிறது. ஒழுங்காகச் செய்த ரிட்டார்ட் மீன், என் கணக்கில், பாக்கெட் மீன்களிலேயே பாதுகாப்பானது. ருசி வேற விஷயம்.

ஒழுங்காகச் செய்தும் ஓட்டை விழுந்தால்? 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரண்டு வயதான தம்பதிகள் அலாஸ்காவிலிருந்து வந்த ஒரு சால்மன் டப்பாவைத் திறந்து நாலு பேராகச் சாப்பிட்டாங்க. நாலு பேருக்கும் போட்டுலிசம். இரண்டு பேர் இறந்தாங்க. மீன் சரியாகத்தான் வெந்திருந்தது. டப்பாவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துளை. வெந்த பிறகு அதன் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. தள்ளுபடியில் விற்கும் நசுங்கின டப்பாவை, அதுவும் விளிம்புத் தையலில் நசுங்கியதை, நான் தொடாததற்குக் காரணம் இதுதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் நோய்"ன்னு சொல்லாதீங்க. 1996 செப்டம்பரில் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் பாதிக்கப்பட்டு மூணு பேர் இறந்தாங்க. மீன் இல்லை, கடலை மாவு சேவு. கிருமியும் போட்டுலினத்தின் உறவுக்காரன்தான். ஆனால் சுரந்தது அதே வகை நஞ்சு, மீன்களோடு அதிகம் பேசப்படும் இ வகை.

நான் உண்மையில் கவலைப்படுவது பெரிய கம்பெனி டப்பாவைப் பற்றி இல்லை. இன்ஸ்டாவில் ஆர்டர் பண்ணினால் கூரியரில் வரும் "ஹோம்மேட், நோ பிரிசர்வேட்டிவ்" நெத்திலித் தொக்கு, இறால் தொக்கு. நல்ல மனசோடுதான் செய்றாங்க, நானும் வாங்கியிருக்கேன். ஆனால் பாட்டி காலத்து ஊறுகாயும் தொக்கும் எப்படித் தப்பித்தன? கருவாடு மொறுமொறுன்னு காய்ந்திருக்கும், உப்பு தூக்கலாக இருக்கும், புளியோ வினிகரோ தாராளமாக இருக்கும், எண்ணெயில் ஈரம் போகும்வரை சுண்டியிருக்கும். ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு பூட்டு. பிஎச் 4.6க்குக் கீழே புளிப்பு இருந்தால் இந்தக் கிருமி முளைக்காது. இப்போ வாடிக்கையாளர்கள் உப்பு கம்மி, காரம் கம்மி, புளிப்பு கம்மி, மீன் சாஃப்டா இருக்கணும்னு கேக்கறாங்க. ஒவ்வொரு பூட்டாகக் கழற்றிவிட்டு, மேலே எண்ணெயை ஊற்றிக் காற்றை அடைத்து, வேக்குவம் சீலும் போட்டு, மூணு நாள் கூரியர் வண்டியில் 35 டிகிரியில் அனுப்பினால் என்ன ஆகும்? 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் ஊறிய பூண்டை ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்ததால் 36 பேருக்கு போட்டுலிசம் வந்தது. வெறும் பூண்டும் எண்ணெயும்தான்.

அதனால் விற்பவங்ககிட்ட வெட்கப்படாமல் கேளுங்க: அக்கா, பிஎச் பார்த்தீங்களா? லேபில் டெஸ்ட் பண்ணீங்களா? தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் மீன் ஊறுகாய் மாதிரி பொருட்களுக்குப் பயிற்சியே தர்றாங்க. பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருக்கான்னு பாருங்க. 1இல் ஆரம்பித்தால் லைசென்ஸ், 2இல் ஆரம்பித்தால் சின்ன வியாபாரத்துக்கான பதிவு, அடுத்த இரண்டு இலக்கம் 24 என்றால் தமிழ்நாடு. எண் இருப்பது தரத்துக்குச் சான்று கிடையாது. ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு விலாசம், அவ்வளவுதான்.

அறிகுறியையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் பார்வை இரண்டாகத் தெரியும், கண் இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. காய்ச்சல் இருக்காது. அப்படி வந்தால் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீங்க. நேராக வெண்டிலேட்டர் வசதி உள்ள ஆஸ்பத்திரி.

டூனாவின் அரிப்பு, மாசம் ஒரு நாள் கரண்ட்

சுருக்கமாக இன்னொண்ணு. டூனா, அயிலை, மத்தி சாப்பிட்டதும் அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு எடுத்து, தலை இடித்தால் எல்லாரும் அலர்ஜி என்று முடிவு பண்றாங்க. பல நேரம் அது ஹிஸ்டமின். பிடித்த மீனை ஐஸில் போடத் தாமதமானால் பாக்டீரியா அதன் சதையில் இதை உண்டாக்கும். உண்டான பிறகு சமைத்தாலும், உறைய வைத்தாலும், டப்பாவில் அடைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தால் அடுத்த வாய் வேண்டாம்.

கடைசியாக நம்ம ஃப்ரிட்ஜ். 4 டிகிரிக்கு மேல் போகாமல் பார்க்கணும். முன்னூறு ரூபாய்க்குள் ஒரு தெர்மாமீட்டர் கிடைக்கும், வாங்கி உள்ளே வைங்க. மின்வாரியம் பராமரிப்புப் பணின்னு மாசம் ஒரு நாள் காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும். அந்த நாளில் பிரித்த ஸ்மோக்டு மீன் பாக்கெட் உள்ளே இருந்தால், காசு போனாப் போகுதுன்னு குப்பையில் போடுங்க.

வேக்குவம் பேக்கில் உறைந்த மீனை இளக்கும்போது முதலில் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டிவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைங்க. காற்று உள்ளே போகணும். இ வகை போட்டுலினம் 3 டிகிரியிலேயே வளரக்கூடியது. டப்பாவோ பவுச்சோ உப்பியிருந்தால் திறக்காதீங்க, துளி நாக்கில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீங்க. இரண்டு பாலித்தீன் கவரில் கட்டி, நாய் பூனை பிரிக்காத இடத்தில் போடுங்க. கடையில் வாங்கியதாக இருந்தால் முதலில் லேபிளை ஒரு போட்டோ எடுத்து, பேட்ச் எண்ணோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்புங்க. அதே பேட்ச் பாக்கெட் இன்னும் பல ஃப்ரிட்ஜில் இருக்கும்.